பல் எக்ஸ்ரே: எந்தப் படம், எப்போது, எப்படி ஒத்துழைப்பது

பல் டாக்டர் “ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடலாம்” என்றதும் பலருக்கு உடனே தோன்றும் கேள்வி, கதிர்வீச்சு உடம்புக்கு ஆகுமா என்பது. பல்லுக்கு எடுக்கும் ஒரு சின்னப் படத்தில் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு. ஆனாலும் அதை வீணடிக்க வழிகள் உண்டு. தேவையே இல்லாமல் எடுப்பது ஒன்று. அசைந்தோ சரியாகக் கடிக்காமலோ கெடுத்துவிட்டுத் திரும்ப எடுப்பது இன்னொன்று. பழைய படத்தைத் தொலைத்துவிட்டு அடுத்த கிளினிக்கில் முதலிலிருந்து எடுப்பது மூன்றாவது. மூன்றையுமே பெரும்பாலும் நீங்களே தடுத்துவிடலாம்.

படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது

கண்ணுக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் எட்டாத இடங்கள் வாயில் நிறைய. இரண்டு கடவாய்ப்பற்கள் ஒட்டி நிற்கும் இடுக்கு, கேப்புக்கு அடியில் இருக்கும் பல், வேர் நுனி, வேரைப் பிடித்திருக்கும் எலும்பு, ஈறுக்குள் படுத்திருக்கும் ஞானப்பல் எல்லாம் எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

ஆனால் எக்ஸ்ரேக்கும் எல்லை உண்டு. சொத்தை விழுந்த இடத்தில் தாதுச்சத்து ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம் கரைந்த பிறகுதான் படத்தில் கறுப்பாகத் தெரியும். அதனால் படத்தில் தெரிவதைவிட உள்ளே சொத்தை எப்போதும் கொஞ்சம் ஆழமாகவே போயிருக்கும். வேர் நுனியில் சீழ் பிடித்து வலி உயிரைப் பிடுங்கும்போதுகூட, முதல் சில நாட்கள் படம் சுத்தமாகத் தெரியலாம்; எலும்பு கரையத் தொடங்கிய பிறகே நிழல் விழும். “எக்ஸ்ரேல ஒண்ணுமில்லையே, அப்புறம் ஏன் ரூட் கேனல்?” என்ற சந்தேகம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. பல்லின் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்பதை எக்ஸ்ரே சொல்லாது. அதற்கு குளிர்ச்சி வைத்துப் பார்க்கும் சோதனையும் தட்டிப் பார்ப்பதும் வேண்டும். கடிக்கும்போது மட்டும் சுரீரென்று வலிக்கும் மெல்லிய விரிசலும் பெரும்பாலும் படத்தில் சிக்காது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் வாயைத் திறந்து பார்க்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், பிறகுதான் படம். டாக்டர் வாயைப் பார்ப்பதற்கு முன்பே, வருகிறவர் எல்லோரையும், இரண்டு தாடைகளையும் சுற்றிப் படமெடுக்கும் ஓபிஜி மெஷினில் நிறுத்துவது நல்ல பழக்கம் இல்லை, இலவசம் என்று சொன்னாலும்.

எந்தப் படம் எதற்கு

ஒரு பல்லுக்கோ பக்கத்துப் பற்கள் சேர்த்தோ படம் பதியும் சென்சாரை வாய்க்குள் வைத்து எடுப்பது ஐஓபிஏ. கம்ப்யூட்டர் திரையில் உடனே தெரிந்தால் அதை ஆர்விஜி என்பார்கள். வேர் நுனி வரை தெரிவதால் வலி, சீழ், ரூட் கேனல் எல்லாவற்றுக்கும் இதுதான். ரூட் கேனலுக்கு ஒரே படம் போதாது. தொடங்கும் முன் ஒன்று, கம்பி போன்ற ஃபைலை வேருக்குள் வைத்து நீளம் பார்க்க ஒன்று, அடைக்கப் போகும் பொருளை வைத்துச் சரிபார்க்க ஒன்று, அடைத்து முடித்ததும் ஒன்று. இதைப் பார்த்து “காசுக்காக நாலு தடவை எடுக்கிறார்” என்று நினைக்க வேண்டாம். வேரின் நீளத்தை அளக்கும் அபெக்ஸ் லொக்கேட்டர் என்ற கருவி இருந்தால் நடுவில் ஒன்று குறையலாம். கீழ்க் கடவாய்ப்பல்லில் இரண்டு வேர்க்கால்வாய்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மறைத்தால், கதிர் வரும் ட்யூபைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொன்று எடுப்பதும் நியாயமே.

பைட்விங் என்பது மேல் கீழ்ப் பற்களின் தலைப்பகுதியை ஒரே படத்தில் காட்டுவது. பல் இடுக்குச் சொத்தையையும், ஈறு நோயால் எலும்பு இறங்கியிருப்பதையும் இதுபோல வேறெதுவும் காட்டாது. நம் ஊரில் இதை எடுப்பது குறைவு. எடுக்க வேண்டிய அளவு எடுப்பதில்லை என்றே சொல்ல வேண்டும். இடுக்குச் சொத்தையா என்று சந்தேகம் வரும்போது ஓபிஜி எழுதிக்கொடுத்தால், பைட்விங் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஓபிஜியில் முன்கடவாய்ப்பற்களின் விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் விழும், அங்கே இடுக்கு தெரியாது.

ஓபிஜி இரண்டு தாடைகளையும் ஒரே நீளப் படமாகக் காட்டும். ஞானப்பல், தாடை எலும்பு முறிவு, கட்டி, கம்பி போடுவதற்கு முன் பற்களின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு இது சரி. கம்பி போடுவதற்குப் பக்கவாட்டுத் தலைப்படமும் ஒன்று சேரும்.

சிபிசிடி முப்பரிமாணப் படம். இம்ப்ளான்ட் என்ற செயற்கை வேர் வைக்க எலும்பின் உயரமும் அகலமும் அளக்க, வேர்க்கால்வாய் குழப்பமாக இருக்கும்போது, ஞானப்பல்லின் வேர் கீழ்த்தாடை நரம்போடு ஒட்டியிருப்பதாகச் சந்தேகம் வரும்போது இது தேவை. ஓபிஜியில் நரம்புக் குழாயின் வெள்ளைக் கோடு வேரருகே அறுபட்டுத் தெரிந்தாலோ, குழாய் வளைந்தாலோ, வேர் அந்த இடத்தில் கறுத்துத் தெரிந்தாலோ அந்தச் சந்தேகம் வரும். எல்லா ஞானப்பல்லுக்கும் சிபிசிடி தேவையில்லை. ஒரு பல்லுக்கு மட்டும் இம்ப்ளான்ட் என்றால் முழுத் தாடைக்கும் எடுக்காமல் அந்தப் பகுதிக்கு மட்டும் எடுக்கச் சொல்லி எழுதித் தரக் கேளுங்கள். காசும் குறையும், கதிர்வீச்சும் குறையும்.

வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. அமெரிக்க பல் மருத்துவச் சங்கம் 2012இல் தந்த வழிகாட்டுதல்படி, சொத்தை ஆபத்து குறைவாக உள்ள பெரியவர்களுக்கு பைட்விங் 24 முதல் 36 மாதத்துக்கு ஒருமுறை. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 6 முதல் 18 மாதத்துக்கு ஒருமுறை. குழந்தைகளில் ஆபத்து அதிகம் என்றால் 6 முதல் 12 மாதம், இல்லையென்றால் 12 முதல் 24 மாதம். வாய் வறட்சி, அடிக்கடி இனிப்பு, வாயில் ஏற்கெனவே பல அடைப்புகள், கம்பி போட்டிருப்பது எல்லாம் ஆபத்தைக் கூட்டும்.

கதிர்வீச்சு எவ்வளவு

உடம்பில் சேரும் கதிர்வீச்சை மைக்ரோசீவர்ட் என்ற அலகில் சொல்வார்கள். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் ஒரு மனிதருக்கு உலகச் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 2,400 மைக்ரோசீவர்ட் கிடைக்கிறது. நாளுக்கு ஆறு, ஏழு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதால் அங்கே இயற்கையாகவே இது பல மடங்கு அதிகம்.

இதோடு ஒப்பிட்டால், ஒரு ஐஓபிஏ ஏறக்குறைய 1 முதல் 8 மைக்ரோசீவர்ட். ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வருகிற அளவு. ஓபிஜி பெரும்பாலும் 5 முதல் 25; அதிகம் போனால் நான்கு நாள் கணக்கு. சிபிசிடியை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. சிறிய பகுதிக்குச் சில பத்துகளில் தொடங்கி, முழு முகத்துக்குச் சில நூறு வரை போகும். நெஞ்சுக்கு எடுக்கும் சிடி ஸ்கேன் பல ஆயிரம் மைக்ரோசீவர்ட் என்பதால் இதுவும் அதற்கு வெகு கீழே. ஆனால் “ஓபிஜி மாதிரிதான்” என்று யாராவது சொன்னால் அது சரியில்லை.

எக்ஸ்ரே கண்டுபிடித்த சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஜெர்மனியில் ஓட்டோ வால்க்கோஃப் தன் பற்களைப் படமெடுக்க 25 நிமிடம் அசையாமல் கிடந்தார். இன்றைய சென்சாருக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு போதும். எக்ஸ்ரேயைப் பற்றிய பயத்தின் பெரும்பகுதி பழைய காலத்துக் கணக்கு.

வாய்க்குள் எடுக்கும் படம்: உங்கள் பங்கு

கழற்றி மாட்டும் பல்செட்டைக் கழற்றுங்கள். மேல்பல் என்றால் மூக்குக்கண்ணாடியும், மேல் முன்பல் என்றால் மூக்குத்தியும். திருகு இறுகிப்போன மூக்குத்தியைக் கழற்ற முடியவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கீழ்க் கடவாய்ப்பல் படத்துக்கு அது குறுக்கே வராது, வீணாகப் போராட வேண்டாம்.

சென்சாரின் மேல் புது பிளாஸ்டிக் உறை போடுகிறார்களா என்று பாருங்கள். சென்சாரை அப்படியே கொதிக்க வைத்துச் சுத்தம் செய்ய முடியாது, அதனால் ஒவ்வொருவருக்கும் உறை மாற்றியே ஆக வேண்டும்.

கீழ்க் கடவாய்ப்பல்லுக்குச் சென்சார் வைக்கும்போது நாக்குக்கு அடியில் குத்தும். அப்போது பெரும்பாலோர் வாயை இன்னும் அகலமாகத் திறந்து, நாக்கால் அதைத் தள்ளிவிடுவார்கள். செய்ய வேண்டியது நேரெதிர். நாக்கைத் தளர விட்டு, சென்சாரைப் பிடித்திருக்கும் ஹோல்டரை மெதுவாகக் கடித்துக்கொண்டே வாயை மூடுங்கள். வாய் மூட மூட நாக்குக்கு அடியில் இருக்கும் தசை இளகி இடம் கொடுக்கும், குத்தலும் குறையும். பாதியில் விட்டுவிட்டால் சென்சார் மேலே எழும்பி, படத்தில் வேர் நுனி வெட்டுப்பட்டுப் போகும். வேர் நுனியும் அதைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் எலும்பும் தெரியாத ஐஓபிஏ, சீழைப் பார்க்க எடுத்ததாக இருந்தால், எடுக்காததற்குச் சமம்.

ஹோல்டர் இல்லாத இடத்தில் “விரலால பிடிச்சுக்கங்க” என்பார்கள். விரலால் பிடித்தால் மூன்று கோளாறு. ஃபிலிம் வளைந்து வேர் நீண்டோ குறுகியோ விழும், சென்சார் வழுக்கும், விரல் வீணாகக் கதிரில் நிற்கும். ஹோல்டர் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. கிளினிக் ஆட்களோ டாக்டரோ உங்களுக்காகப் பிடிக்கவே கூடாது. நியூ ஆர்லியன்ஸில் பல் எக்ஸ்ரேயைத் தொடக்கத்திலேயே பயன்படுத்திய எட்மண்ட் கெல்ஸ், தன் கையையே திரும்பத் திரும்பக் கதிரில் நீட்டி, விரல்களில் தொடங்கிக் கையையே இழந்தார்.

குமட்டல் வரும் ஆள் என்றால் உட்காரும்போதே சொல்லுங்கள். முன்பல்லில் தொடங்கிக் கடவாய்க்குப் போவார்கள். நேரே பின்பல்லில் தொடங்கினால் அதன் பிறகு எதுவும் வைக்க முடியாது. ட்யூபை முன்பே சரியான கோணத்தில் நிறுத்திவிட்டுக் கடைசியாகச் சென்சார் வைத்தால் வாய்க்குள் இருக்கும் நேரம் குறையும். மூக்கால் நீளமாக மூச்சு விடுங்கள், ஒரு காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் கவனம் வையுங்கள். நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பதும் பலருக்குக் கைகொடுக்கிறது. அதற்கும் அடங்காவிட்டால் மரத்துப்போகும் ஸ்ப்ரே உண்டு. எதுவுமே முடியாது என்றால், விவரம் குறைந்தாலும் ஓபிஜிதான் வழி.

பட்டனை அழுத்துவதற்கு முன் எச்சிலை விழுங்கிவிடுங்கள். படத்தின் ஓரத்தில் வளைவாக ஒரு வெற்றிடம் வந்தால் ட்யூப் நேராக இல்லை என்று அர்த்தம். பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தால் ட்யூபின் பக்கவாட்டுக் கோணம் தப்பு. வெட்டுப்பட்ட மூலை, பார்க்க வேண்டிய பல்லைத் தொடவில்லை என்றால் திரும்ப எடுக்கத் தேவையில்லை. படம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக யாரும் எக்ஸ்ரே எடுப்பதில்லை.

ஓபிஜி: நிற்கும் விதத்தில்தான் எல்லாம்

கம்மல், மாட்டல், மூக்குத்தி, ஹேர்பின், கிளிப், கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் அத்தனையும் கழற்றிவிடுங்கள். ஒரு கம்மலை மறந்தால் கெடுவது ஒரு பக்கம் மட்டுமில்லை. அதன் மங்கலான பேய் நிழல் எதிர்ப் பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில், பல்லின் மேலேயே விழும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்களுக்கு ஒரு தகவல்: மஞ்சள் கயிறு படத்தில் விழாது, உலோகம்தான் விழும். தங்கச் சங்கிலி என்றால் எடுப்பவரிடம் சொல்லி, கழுத்திலிருந்து எவ்வளவு கீழே இறக்க முடியுமோ இறக்கி வையுங்கள்.

முன்பற்களால் கடிக்கும் கட்டையில் ஒரு பள்ளம் இருக்கும். மேல் கீழ் முன்பற்களின் நுனி இரண்டும் அந்தப் பள்ளத்துக்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டி முன்னால் கடித்தால் முன்பற்கள் ஒல்லியாகவும், பின்னால் கடித்தால் அகலமாகவும் விழும். தாடையை அதிகம் தாழ்த்தினால் பல்வரிசை சிரிப்பதுபோல வளையும், தூக்கினால் தலைகீழாக. தலை ஒரு பக்கம் திரும்பினால் ஒரு பக்கத்துக் கடவாய்ப்பல் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் தெரியும், அளந்து பார்க்கப் பயன்படாது. முதுகு கூனினால் கழுத்து எலும்பின் வெள்ளை நிழல் முன்பற்களை மூடிவிடும். அதனால் கைப்பிடியைப் பிடித்து, கால்களை அரை அடி முன்னால் வைத்துக் கழுத்தை நீட்டி நிற்கச் சொல்வார்கள். விழுந்துவிடுவோமோ என்று தோன்றும், விழ மாட்டீர்கள்.

பலரும் கோட்டைவிடுவது நாக்கில். எச்சிலை விழுங்கிவிட்டு, நாக்கு முழுவதையும் மேலண்ணத்தில் ஒட்டவைத்து, உதட்டை மூடிக்கொண்டு, மெஷின் சுற்றி முடிக்கும் வரை அப்படியே இருங்கள். நாக்கு கீழே இறங்கினால் மேலண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவே உள்ள காற்று, மேல்பற்களின் வேர் முழுவதையும் கறுப்புப் பட்டையாக மறைத்துவிடும். மெஷின் சுற்றுவது 10 முதல் 20 நொடி வரை. இந்த நேரம் கண்ணால் மெஷினைத் துரத்த வேண்டாம், கண்ணோடு தலையும் திரும்பிவிடும்.

கவசம், கர்ப்பம், குழந்தைகள்

ஈயக் கவசம் போடாவிட்டால் ஆபத்து என்ற எண்ணம் வலுவாக இருக்கிறது. ஆனால் அமெரிக்க பல் மருத்துவச் சங்கத்தின் நிபுணர் குழு 2024 பிப்ரவரியில், பல் எக்ஸ்ரேக்கு வயிற்றுக் கவசமும் கழுத்தை மூடும் தைராய்டு காலரும் வழக்கமாகப் போட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. இன்றைய மெஷின்களில் கதிர் சிதறுவது குறைவு. கவசம் படத்துக்குக் குறுக்கே வந்தால் திரும்ப எடுக்க நேரும். நம் ஊர் கிளினிக்குகளில் இன்னும் கொடுப்பார்கள். ஐஓபிஏக்குப் போட்டுக்கொள்வதால் நஷ்டமில்லை. ஓபிஜிக்கு மட்டும் தைராய்டு காலர் போடக் கூடாது, அது கதிரின் பாதையை மறைத்துக் கீழ்த்தாடையை வெள்ளையாக்கிவிடும்.

உண்மையில் கதிர்வீச்சைக் குறைப்பது கதிர் விழும் பரப்பைக் குறுக்குவதுதான். வட்டக் குழாயின் வாய் 7 செ.மீ. குறுக்களவு என்றால் சுமார் 38 சதுர செ.மீ. பரப்பில் கதிர் விழும். பெரியவர்களுக்கான ஃபிலிமோ 3.1 க்கு 4.1 செ.மீ., அதாவது 13 சதுர செ.மீ.கூட இல்லை. மீதி மூன்றில் இரண்டு பங்கு படத்துக்கு உதவாமல் முகத்தில் விழுகிறது. செவ்வக வாய் உள்ள குழாயோ அதற்கான மாட்டியோ இருந்தால் இதில் பெரும்பகுதி மிச்சம். கனமான கவசத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் நம் பக்கம் பார்ப்பது அரிது.

கர்ப்பமாக இருந்தாலோ, நாள் தள்ளிப்போயிருந்தாலோ கட்டாயம் சொல்லுங்கள். சொல்வது, தள்ளிப்போடக்கூடிய படத்தைத் தள்ளிப்போட. கம்பி போடுவதற்கான ஓபிஜி பிரசவத்துக்குப் பின் எடுத்தால் போதும். முகம் வீங்கி, சீழ் வைத்து, தூக்கம் கெட்டு வலி என்றால் படம் எடுத்துச் சிகிச்சை செய்வதே சரி. கதிர் முகத்தைப் பார்த்துப் போகிறது, கருவுக்குச் சேரும் அளவு கணக்கில் எடுக்கத் தேவையில்லாத சிறு அளவு. வைத்தியம் செய்யாமல் விட்ட சீழ்தான் தாய்க்கும் குழந்தைக்கும் கெடுதல். பால் கொடுக்கும் தாய்மார்கள் எக்ஸ்ரேக்குப் பிறகு பாலைப் பீய்ச்சிக் கொட்டத் தேவையே இல்லை. கதிர் உடம்பில் தங்குவதில்லை.

குழந்தைகளுக்கு வயது வைத்து எக்ஸ்ரே கிடையாது. பால் கடவாய்ப்பற்களுக்கு நடுவே இடைவெளி இருந்து, கண்ணாலேயே எல்லாப் பக்கமும் தெரிகிறதென்றால் படமே வேண்டாம். இடுக்கு மூடிய பிறகு, சொத்தை வாய்ப்பு இருந்தால்தான். மெஷினில் குழந்தைக்கான செட்டிங் தனியாக இருக்கும், சிறிய சென்சாரும் உண்டு. இரண்டையும் பயன்படுத்துகிறார்களா என்று கேட்கலாம். குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் அம்மாவோ அப்பாவோ கவசம் போட்டுக்கொண்டு பிடிக்கலாம். அந்த அம்மா கர்ப்பமாக இருக்கக் கூடாது.

கிளினிக்கில் கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் பல் எக்ஸ்ரே மெஷின் வைத்திருக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். ஏ.இ.ஆர்.பி. என்று சொன்னால் எல்லா டாக்டருக்கும் தெரியும். படம் எடுப்பவர் தடுப்புக்குப் பின்னாலோ குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளியோ நிற்க வேண்டும். “ஆபத்தில்லைன்னா அவர் மட்டும் ஏன் ஓடுறார்?” என்று கேட்பார்கள். உங்களுக்கு இன்று ஒரு படம்; அவருக்கு ஆண்டு முழுவதும், தினமும். கையில் பிடித்து எடுக்கும் கேமரா போன்ற மெஷினில், குழாயின் முனையில் வட்டமாக ஒரு தடுப்புத் தகடு இருக்க வேண்டும். தகடு இடிக்கிறது என்று கழற்றி வைத்திருந்தால், சிதறிவரும் கதிர் எடுப்பவரின் முகத்தில்தான் படும்.

படத்தைப் பார்ப்பதும் பத்திரப்படுத்துவதும்

டாக்டரோடு சேர்ந்து திரையைப் பாருங்கள். உங்கள் வலது பக்கம் படத்தின் இடது பக்கம் இருக்கும். உலோக அடைப்பும் கேப்பும் பளிச்சென்ற வெள்ளை, எனாமல் அடுத்த வெள்ளை, எலும்பு சாம்பல், சொத்தையும் சீழும் கறுப்பு. ஆனால் கறுப்பெல்லாம் நோயில்லை. மேல் கடவாய்ப்பற்களுக்கு மேலே தெரியும் பெரிய கறுப்பு சைனஸ் அறை. கீழ் முன்கடவாய்ப்பல் வேருக்கு அருகே வட்டமாகத் தெரியும் கறுப்பு, நரம்பு வெளியே வரும் துளை. அது சீழ்போலவே காட்சி தரும். மேல் நடுப்பற்கள் இரண்டுக்கும் நடுவில் உள்ளதும் இயற்கையான துளைதான். பல்லின் கழுத்தில் ஓரமாகத் தெரியும் மங்கல் கறுப்பும் பல நேரம் சொத்தையில்லை, அந்த இடத்தில் பல் மெலிந்திருப்பதால் கதிர் அதிகம் ஊடுருவியதன் தோற்றம். சொத்தை என்று சொன்னால், பல்லைச் சோதிக்கும் கூர்முனைக் கம்பியால் தொட்டுப் பார்த்தபோதும் தெரிந்ததா என்று கேளுங்கள்.

கிளம்பும் முன் படத்தை வாங்கிக்கொள்ளுங்கள். திரையை ஃபோனில் போட்டோ எடுத்தால் வெளிச்சம் பிரதிபலித்து, மெல்லிய நிழல்கள் எல்லாம் போய்விடும். மூல ஃபைலை மெயிலிலோ, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாகவோ அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். சிபிசிடிக்கு அச்சடித்த தாள் மட்டும் வாங்கி வராதீர்கள். ஸ்கேனின் மூலப் படங்களான டைகாம் ஃபைல்கள் முழுவதும் சிடியிலோ பென் டிரைவிலோ வேண்டும், அப்போதுதான் அடுத்த டாக்டர் தான் விரும்பிய கோணத்தில் வெட்டிப் பார்க்க முடியும். ஸ்கேன் சென்டரில் தரும் ஓபிஜி ஃபிலிம் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாவது. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் கறுத்துப்போகும். ஃபிலிமின் மேல் தேதியும் பெயரும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள், தேதியில்லாத படத்தை அடுத்த டாக்டர் நம்ப மாட்டார், மறுபடியும் எடுக்கத்தான் சொல்வார்.